ஆங்கில மரபுத்தொடர்கள்: சொல்லும் பொருளும்

ஒரு மொழியில் வழங்கும் சொற்களின் பொருளையெல்லாம் கற்றுக்கொண்டவர் அம்மொழியைக் கற்றவராகிவிடுவாரா? ஆகமாட்டார். "அவன் கம்பி நீட்டிவிட்டான்" என்று நம்மவர் ஒருவர் கூறுகிறார். கம்பி இன்னது, நீட்டுதல் இன்னது என்று தெரிந்த அயல்மொழியாளர், யாரோ ஒருவன் இரும்புக் கம்பியை எடுத்து மற்றொருவனிடம் நீட்டினான் என்றே கருதுவார். அவன் சொல்லாமற் கொள்ளாமல் நழுவிவிட்டான் என்பது தமிழரோடு பழகியவருக்கே விளங்கும். "எனக்கே காது குத்துகிறாயா?" என்ற கேள்வியைக் கேட்டால், அவர் குழந்தைக்குச் செய்யும் மங்கலச் சடங்கை நினைப்பாரேயன்றி, ஏமாற்று வேலையை நினைக்கமாட்டார்.

இவ்வாறு தனித்தனிச் சொற்களின் பொருளினின்றும் விலகி, தொடராக நின்று வேறொரு பொருளை உணர்த்துவனவற்றை மரபுத்தொடர் என்கிறோம். அறிவுடையோர் ஒன்றை எவ்வகையில் வழங்கினரோ அவ்வகையிலேயே நாமும் வழங்குவது மரபு என்பது நன்னூலார் கொள்கை. ஆகவே மரபுத்தொடரைப் பார்த்து "ஏன் இப்படி?" என்று இலக்கணத்தைக் கேட்டுப் பயனில்லை. வரலாற்றைக் கேட்டால் சில சமயம் விடை கிடைக்கும். மக்களின் வழக்கைக் கேட்டால் எப்போதும் பொருள் கிடைக்கும்.

நேயர்களே! தமிழகத்துக்கு வெளியே தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இச்செய்தி வெறும் இலக்கிய இன்பத்துக்கு உரியதன்று. நாம் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் அந்தந்த மாநில மொழியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசுகிறோம். அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக வகுத்தபோது, ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்குத் தொடரலாம் என்று வரையறுத்தது. அக்கெடு முடிந்த 1965 சனவரி 26ஆம் நாளுக்குப் பின்னரும் ஆங்கிலம் தொடர்வதற்கு 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் வழிசெய்தது. 1967ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை உறுதிப்படுத்தியது. எனவே மத்திய அரசின் கோப்புகளில் ஆங்கிலம் இன்றும் நடமாடுகிறது. அக்கோப்புகளின் ஓரத்தில் மேலதிகாரி எழுதும் ஒரு வரிக் குறிப்பில் மரபுத்தொடர் ஒன்று அமர்ந்திருக்கும். அதனைப் பிறழ உணர்ந்தால் வேலை கெடும். சில வேளைகளில் மனமும் கெடும். அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்த்தாலும் அங்கே பயன் விளையாது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மனோர் ஆங்கில மரபுத்தொடர்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்பதுண்டு. அவ்வகைகளை எடுத்துக்காட்டுகளுடன் இங்கே காண்போம்.

முதல் வகை, தமிழுக்கு வந்து குடியேறிவிட்டவை. 'ரெட் டேப்' என்பது சிவப்பு நாடா. இங்கிலாந்தில் அரசாங்க ஆவணங்களைச் சிவந்த நாடாவால் கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கம் இந்திய அலுவலகங்களுக்கும் வந்தது. நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே காலம் கழிந்து, காரியம் நடவாமற் போகும் நிலைக்கு அது பெயராயிற்று. இன்று 'சிவப்பு நாடா முறை' என்று தமிழில் எழுதினால் எவரும் மயங்குவதில்லை. இந்தியிலும் இதனை 'லால் பீதாசாஹி' என்கின்றனர். அதிலுள்ள 'பீதா' என்னும் சொல்லோ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. ஒரு நாடாவுக்குள் எத்தனை நாடுகள் முடிச்சிடப்பட்டிருக்கின்றன, பாருங்கள்!

'ஒயிட் எலிபென்ட்' என்னும் வெள்ளை யானையும் இவ்வகையதே. சயாம் நாட்டு மன்னர் தமக்குப் பிடிக்காத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். அது புனிதமானது, வேலை வாங்கக் கூடாது, அரசர் அளித்ததாதலின் விற்கவும் கூடாது. அதற்குத் தீனி போட்டே பிரபு ஓட்டாண்டியாவார் என்பது கதை. பயன் சிறிதும் செலவு பெரிதுமான திட்டத்தையோ கட்டடத்தையோ அதனால் ஆங்கிலேயர் வெள்ளை யானை என்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் புராணங்களில் வெள்ளை யானை என்றால் இந்திரன் ஊர்தியாகிய ஐராவதம். பெருமைக்கும் மங்கலத்துக்கும் உரியது. செய்தித்தாள் படித்துப் பழகாத முதியவரிடம், "இந்த அணை ஒரு வெள்ளை யானை" என்று கூறினால், அவர் அணையைப் புகழ்வதாகவே கொள்ளக்கூடும். குடியேறிய தொடரும் எல்லா வீடுகளிலும் விருந்துண்டதில்லை என்பதை நினைவிற் கொள்க.

'க்ராக்கடைல் டியர்ஸ்' முதலைக் கண்ணீராகத் தமிழில் வழங்குகிறது. முதலை தன் இரையை உண்ணும்போது கண்ணீர் வடிக்கும் என்பது ஐரோப்பியரின் பழைய நம்பிக்கை. இந்தியில் இதனைக் 'கடியால்' என்னும் நீள்மூக்கு முதலையின் கண்ணீராகக் கூறுவர். ஆனால் இப்பொருளுக்கு அயலாரிடம் கையேந்த வேண்டிய தேவை நமக்கு இல்லை. பழையனூர் நீலியின் கதையை அறிந்த தமிழர் 'நீலிக் கண்ணீர்' என்று நெடுங்காலமாகவே கூறிவருகின்றனர். வணிகனின் மனைவியைப்போல் உருக்கொண்டு, ஊர்ச்சபையின் முன் அழுது, அவன் உயிரைக் கொண்டவள் நீலி. பொய்யழுகையின் கொடுமையை முதலையைவிட அவள் நமக்கு நன்றாக உணர்த்துவாள்.

இரண்டாம் வகை, பொருள் ஒன்றாயும் படம் வேறாயும் இருப்பவை. 'நியூகாசிலுக்குக் கோல் கொண்டுபோதல்' என்பது ஆங்கிலத் தொடர். கோல் என்பது நிலக்கரி. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில் நகரிலிருந்துதான் பல நூற்றாண்டுகளாக இலண்டனுக்கு நிலக்கரி கப்பலேறியது. அந்நகருக்கே நிலக்கரியைச் சுமந்து செல்வது வீண் வேலையன்றோ? நாம் இதனையே 'கொல்லத் தெருவில் ஊசி விற்பது' என்றோம். பிற்காலத்தார் 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்றனர். வடநாட்டில் வாழும் நேயர்கள், 'உல்டே பான்ஸ் பரேலி கோ' என்று இந்தியில் சொல்லக் கேட்டிருப்பர். மூங்கில் வாணிகத்துக்குப் பேர்பெற்ற பரேலிக்கே மூங்கிலைத் திருப்பி அனுப்புவதாம் அது. நிலக்கரியும் ஊசியும் அல்வாவும் மூங்கிலும் ஒரே கருத்தின் நான்கு உடைகள். இவற்றை மொழிபெயர்ப்பவர் உடையைப் பெயர்க்கலாகாது. உள்ளிருப்பதைப் பெயர்க்க வேண்டும்.

'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்பது மற்றொன்று. நீல நிலா தோன்றும்போது ஒருமுறை, அதாவது மிக அரிதாக, என்பது பொருள். நிலா உண்மையாகவே நீலமாகத் தோன்றியதும் உண்டு. 1883ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் கிராக்கட்டோவா எரிமலை வெடித்தபோது வானிற் பரவிய நுண்துகள்களால் நிலா நீலமாகக் காணப்பட்டது. ஒரே ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாம் முழுநிலவை நீல நிலா என்று அழைக்கும் வழக்கமோ, 1946ஆம் ஆண்டில் அமெரிக்க வானியல் இதழ் ஒன்றில் வெளிவந்த பிழையான விளக்கத்திலிருந்து பரவியது. அப்படிப்பட்ட முழுநிலவு 19 ஆண்டுகளில் ஏறக்குறைய 7 முறை வருவதால், மரபுத்தொடர் கூறுமளவுக்கு அது அரிதும் அன்று.

இக்கருத்துக்கு நம் தொடர் 'அத்தி பூத்தாற்போல்' என்பது. அத்தியின் பூக்கள் நாம் காய் என்று கருதும் உருண்டைக்குள்ளேயே மலர்வன. ஆதலால் புறத்தே எவர் கண்ணுக்கும் தென்படுவதில்லை. இதில் நம்மை மகிழ்விக்கும் செய்தி ஒன்று உண்டு. தில்லித் தமிழர் தம் அண்டை வீட்டாரிடம் 'கூலர் கா பூல்' என்று கேட்கலாம்; கொல்கத்தாவில் 'டுமுரேர் பூல்' என்று கேட்கலாம்; மும்பையில் 'உம்பராசே பூல்' என்று கேட்கலாம். மூன்றும் அத்தி இனத்துப் பூவையே சுட்டுகின்றன. காண்பதற்கு அரியவர் என்னும் பொருளையே தருகின்றன. அத்தி மரத்தை அன்றாடம் கண்ட மக்கள் எல்லாரும், மொழி வேறாயினும், ஒன்றுபோலவே வியந்திருக்கின்றனர்! நாம் அயலூரில் இருந்தாலும் அயலார் நடுவில் இல்லை என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுமோ?

மூன்றாம் வகைதான் ஏமாற்றுவது. சொற்கள் நமக்குப் பழகிய முகத்தோடு வரும். பொருளோ வேறாக இருக்கும். உப்பை எடுத்துக்கொள்வோம். 'வித் எ பிஞ்ச் ஆப் சால்ட்', அதாவது ஒரு சிட்டிகை உப்புடன் ஒரு செய்தியைக் கேட்பது என்றால், அதனை முழுவதும் நம்பிவிடாமல் ஐயத்தோடு கேட்பது என்று பொருள். 'வொர்த் ஹிஸ் சால்ட்', அதாவது தன் உப்புக்குத் தகுந்தவன் என்றால், வாங்கும் ஊதியத்துக்கு ஏற்ற திறமையுடையவன் என்று பொருள். நமக்கோ உப்பு நன்றியின் அடையாளம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் பழமொழி. இந்தியில் 'நமக் ஹராம்' என்பது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவனைக் குறிக்கும். 'நமக் மிர்ச் லகானா', அதாவது உப்பும் மிளகாயும் சேர்ப்பது, செய்தியை மிகைப்படுத்திக் கூறுவதாகும். இதனையே நாம் 'கண் காது மூக்கு வைத்துச் சொல்லுதல்' என்கிறோம். இந்திக்காரர் செய்தியைச் சொல்லும்போது உப்பிடுகிறார். ஆங்கிலேயர் கேட்கும்போது உப்பிடுகிறார். இரண்டும் நேர் எதிர்த் திசைகள்.

கை கழுவுவதும் அப்படியே. 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடர், மத்தேயு நற்செய்தியில் பிலாத்து என்னும் ஆளுநர் மக்கள் முன் கைகளைக் கழுவித் தமக்குப் பொறுப்பில்லை என்று அறிவித்த நிகழ்ச்சியை நினைவூட்டுவது. 'இனி இதில் எனக்குப் பொறுப்பில்லை' என்பதே அதன் கருத்து. தமிழில் 'கை கழுவிவிட்டார்' என்னும்போது, நம்பியிருந்தவரைக் கைவிட்டார் என்னும் குற்றச்சாட்டும் சேர்ந்தே ஒலிக்கும். இந்தியில் 'நௌகரீ ஸே ஹாத் தோ பைட்டா' என்றால் வேலையை இழந்துவிட்டான் என்று பொருள். அதே இந்தியில் 'ஹாத் தோகர் பீச்சே பட்னா' என்றால், ஒருவரை விடாது துரத்துதல் என்று பொருள். கழுவிய கை ஆங்கிலத்தில் விலகுகிறது, தமிழில் கைவிடுகிறது, இந்தியில் ஓரிடத்தில் இழக்கிறது, மற்றோரிடத்தில் விடாமற் பற்றுகிறது. 'ஹாத் தோனா' என்று காதில் விழுந்தவுடன் தமிழ்ப் பொருளைக் கொண்டுபோய் ஒட்டுபவர் இடர்ப்படுவது உறுதி.

நான்காம் வகை, அலுவலகத்தில் நாள்தோறும் வந்து மோதுபவை. 'டெவில்ஸ் அட்வகேட்' என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். கூட்டமொன்றில் மேலதிகாரி நம்மை நோக்கி, "நீர் டெவில்ஸ் அட்வகேட்டாக இரும்" என்கிறார். சாத்தானின் வழக்கறிஞர் என்று நம்மை இகழ்ந்துவிட்டார் என்று முகம் சிவக்கலாமா? கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் அளிக்குமுன், அவருக்கு எதிரான காரணங்களையெல்லாம் எடுத்துரைப்பதற்கென்றே ஓர் அலுவலர் இருந்தார். 1587ஆம் ஆண்டில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் காலத்தில் அப்பதவி முறையாக ஏற்பட்டது. 1983ஆம் ஆண்டில் போப் இரண்டாம் ஜான் பால் அம்முறையை மாற்றியமைத்தார். ஒரு முடிவு உறுதியானதா என்று சோதிப்பதற்காக, தமக்கு உடன்பாடில்லாத எதிர்வாதத்தையும் ஒருவர் எடுத்துரைப்பதே இத்தொடரின் பொருள். மேலதிகாரி நம் அறிவை நம்பியே அப்பணியைத் தந்தார். அது வசை அன்று.

'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதை இரண்டுங்கெட்டான் நிலைமைக்குப் பலர் வழங்குகின்றனர். அது பொருந்தாது. கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டுவந்த தாமஸ் ஹாப்சன் என்பவர் 1631இல் காலமானார். வாயிலருகே நிற்கும் குதிரையைத்தான் எடுக்க வேண்டும், இல்லையேல் குதிரையே இல்லை என்பது அவர் வைத்திருந்த விதி. எனவே தேர்வு என்று பெயரளவில் இருந்து, உண்மையில் தேர்வே இல்லாத நிலைமைக்கே அது உரியது. இரண்டு வழிகளும் தீயனவாகத் திகைக்கும் நிலைமைக்கு 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்பது நம் உவமை. அது ஹாப்சனுக்குப் பொருந்தாது.

'ஸ்லீப் ஆன் இட்' என்றால் ஓரிரவு பொறுத்து, மனம் அமைதியுற்றபின் முடிவு செய்வது. இது பாராட்டத்தக்க நிதானம். ஆனால் நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் ஒருவர் கோப்பின் 'ஓவர்' உறங்குகிறார் என்று எழுதினால், கடமை தவறியவர் என்பது பொருள். 'ஆன்' என்னும் சிறு சொல்லுக்கும் 'ஓவர்' என்னும் சிறு சொல்லுக்கும் இடையில் ஒருவருடைய பணிப்பதிவேடே தொங்குகிறது. 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது கண்டும் காணாததுபோல் இருத்தல். 1801ஆம் ஆண்டின் கோபன்ஹேகன் போரில், பின்வாங்குமாறு வந்த சைகையை, பார்வையிழந்த கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்து, நெல்சன் புறக்கணித்தார் என்று கூறுவர். ஆகவே ஒருவர் 'பிளைண்ட் ஐ' காட்டினார் என்று குறிப்பெழுதினால், அவர் அறியாமற் செய்தார் என்பதன்று. அறிந்தே விட்டுவிட்டார் என்பதாகும். அது கடுமையான குற்றச்சாட்டு.

ஆங்கிலம் பேசுவோரே தம்முள் மயங்கியதும் உண்டு. 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை விவாதத்துக்கு முன்வைப்பது. நம் நாடாளுமன்றத்தில் ஆவணங்களை மேசைமீது வைப்பதும் அவ்வழக்கையே ஒட்டியது. அமெரிக்க வழக்கிலோ அதனை ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் அவசரக் குறிப்பு ஒன்றை 'டேபிள்' செய்ய விரும்பினர். அமெரிக்க அதிகாரிகள் கூடாது என்றனர். இருசாராரும் ஒரே கருத்தினராக இருந்தும், நெடுநேரம் சினத்துடன் வாதிட்டனர் என்று சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தாய்மொழியாளர்க்கே இந்நிலை என்றால், நமக்கு ஐயம் எழுவதில் நாணத்துக்கு இடமே இல்லை.

பொருளைப் போலவே இடமும் முக்கியம். 'கிக் தி பக்கெட்' என்றாலும் இறத்தல்தான். 'பாஸ் அவே' என்றாலும் இறத்தல்தான். முன்னது 'மண்டையைப் போட்டான்' என்பது போன்றது. பின்னது 'இயற்கை எய்தினார்' என்பது போன்றது. வங்கத்தில் 'படோல் தோலா', அதாவது படோலங்காய் பறித்தல், என்பதும் இறப்பை நகைச்சுவையாகச் சொல்லும் வழக்கே. அகராதியில் பொருள் ஒன்றாகக் கண்டதனால், உடன் பணிபுரிபவரின் தந்தை மறைந்த வீட்டுக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் முதல் தொடரை வைத்துவிட்டால், அப்புண் எளிதில் ஆறாது.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில உள. ஒரு தொடர் சொல்லுக்குச் சொல் பொருள் தரும்போது பேச்சின் இடத்துக்குப் பொருந்தாமல் நிற்குமாயின், அது மரபுத்தொடராக இருக்கலாம் என்று முதலில் ஐயுறுக. தொடரின் முதன்மையான பெயர்ச்சொல்லின் கீழ் நல்ல அகராதியிற் பார்க்க. கூறியவர் சினந்து கூறினாரா, வேடிக்கையாகக் கூறினாரா என்பதையும் நோக்குக. அதன் பின்னும் தெளிவு பிறவாவிடின், கூறியவரையே கேட்டுவிடுக. கேட்பவன் ஒரு கணம் கூசுவான், கேளாதவன் நெடுநாள் இடர்ப்படுவான். நாமே எழுதும்போதோ, பொருள் உறுதியாகத் தெரியாத மரபுத்தொடரை அணிகலன்போல் சூட்டாமல், நேரான சொற்களில் எழுதுக. நேரான சொல்லுக்காக எந்த அலுவலகமும் எவரையும் தண்டித்ததில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் 'புளூ மூன்' என்பதைப் பள்ளியிலேயே கற்றுவிடுகின்றனர். 'கூலர் கா பூல்' என்பதைத் தெருவில் கற்றுவிடுகின்றனர். 'அத்தி பூத்தாற்போல்' என்பதை அவர்களுக்கு எந்தப் பாடநூலும் கற்பிக்கப் போவதில்லை. நெடுநாள் வராத உறவினர் வாயிலில் வந்து நிற்கும்போது, "அத்தி பூத்தாற்போல் வந்திருக்கிறீர்கள், வாருங்கள்" என்று பெற்றோர் சொல்வதைக் கேட்டுத்தான் அவர்கள் அறிய முடியும். தமிழ்ச் சொற்களைப் புத்தகத்திலும் பயிலலாம். மரபைப் பேச்சில்தான் பெறலாம். பிறமொழி மரபுகளைப் பிழையின்றி அறிந்துகொள்வோம். நம் மரபை வீட்டில் நாள்தோறும் வழங்குவோம்.